எழுபதுக்குப் பிறகு ஒருவரை எழுந்து நடக்க வைப்பது எது?

வாசகர் கேள்வி, மார்ச் 2

என் அப்பாவுக்கு 74 வயது. பெரிய நோய் எதுவும் இல்லை. ஆனால் காலையில் நாற்காலியில் அமர்ந்தால் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர எழுந்திருப்பதில்லை. நடப்பதற்கென்று காலணி வாங்கிக் கொடுத்தேன். காலடிகளை எண்ணும் கைப்பட்டையும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வயதானால் ஆர்வம் வற்றிவிடுகிறது, மாரடைப்பு, பக்கவாதம் என்று பயமுறுத்தினால்தான் அசைவார்கள் என்பது என் முடிவு. நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வைக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

மார்ச் 3, காலை

உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. எனக்கு வயது 71. ஓய்வு பெற்ற பின் நான்கு ஆண்டுகள் நானும் உங்கள் தந்தையைப் போல ஒரு நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன். மாரடைப்பைப் பற்றியும் பக்கவாதத்தைப் பற்றியும் எனக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வயதில் மாதத்துக்கு ஒரு முறையாவது நெருங்கிய ஒருவரைப் பற்றி மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்துவிடுகிறது. பயம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அதை இன்னும் கூட்டினால் மனிதர் எழுந்து நடக்க மாட்டார், பேச்சை மாற்றுவார். நான் அப்படித்தான் செய்தேன்.

என்னை அசைத்தது வேறொன்று. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு பழைய காகிதத்தைத் தேடுவதற்காகத் தரையில் அமர்ந்தேன். காகிதம் கிடைத்தது. எழ முயன்றபோதுதான் என் தொடைகளில் அதற்குரிய வலு இல்லை என்பது தெரிந்தது. வீட்டில் வேறு எவரும் இல்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் ஊன்றிப் பார்த்தேன். இடுப்பு ஒரு சாண் உயர்ந்து மீண்டும் தரைக்கே வந்தது. கடைசியில் தவழ்ந்து கட்டில் வரை சென்று, அதன் காலைப் பற்றி மண்டியிட்டு, மூச்சு வாங்க எழுந்து நின்றேன். காகிதம் அப்போதும் கையில்தான் இருந்தது. வியர்வையில் நனைந்து கசங்கிப் போயிருந்தது. மாலையில் மனைவி வீடு திரும்பியபோது இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதுமாகப் பயிற்சியைத் தொடங்கினேன்.

உங்கள் தந்தைக்கு எது கைவிட்டுப் போனால் மனம் பொறுக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலணியும் கைப்பட்டையும் அதற்குப் பிறகு வரட்டும்.

மார்ச் 3, இரவு

காலையில் எழுதாமல் விட்ட ஒன்று. அந்த நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவரிடம் சென்றிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் இனி இப்படித்தான் இருக்கும், அதிகம் அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தேன். வலி இருந்தால் ஓய்வு எடுக்க வேண்டும் என்று நம்பினேன். ஓய்வு எடுக்க எடுக்கத் தொடைத் தசை இளைத்து, மூட்டைத் தாங்கும் வலு குறைந்து, வலி கூடியது.

1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதை எட்டியிருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். இந்தச் செய்தியை யாராவது எனக்கு அந்த மருத்துவமனை வாசலில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் எனக்கு மிஞ்சியிருக்கும். தன்னால் இனி முடியாது என்று நம்புகிறவரிடம் ஆர்வத்தைத் தேடுவது வீண். நம்பிக்கை திரும்பிய பிறகுதான் ஆர்வம் தலைகாட்டும்.

மார்ச் 5

10,000 அடிகளைப் பற்றி. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததாக நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி. எண் அங்கிருந்து பரவியது. பின்னாளில் ஐ-மின் லீ என்னும் ஆய்வாளர் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களின் காலடிகளை அளந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இவ்வகை ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, நடைதான் காரணம் என்று உறுதி செய்யாது; ஆரோக்கியமானவர்கள் இயல்பாகவே அதிகம் நடக்கக்கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரிடம் 10,000 என்று சொல்வதற்கு நியாயம் எதுவும் இல்லை. அடைய முடியாத எண்ணைக் கேட்டவுடன் அவர் தோற்றுவிட்டதாக உணர்கிறார். தோற்பதற்கென்று எவரும் காலணி அணிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அடிக்கணக்கு எதையும் விதிக்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுப்பயிற்சி, மூன்று நாட்கள் சமநிலையைக் காக்கும் பயிற்சி என்று அது கூறுகிறது. அந்த அளவை எட்ட முடியாதவர்களும் இயன்ற அளவு இயங்குவது நல்லது என்பதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் பேச்சில் அந்தப் பகுதிதான் விட்டுப்போகிறது.

மார்ச் 6

"தரையிலிருந்து எழ முடியாமல் போனதும் பயம்தானே? அப்படியானால் நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பயமும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மாரடைப்பு எப்போது வரும், வருமா வராதா என்பது என் கண்ணுக்குத் தெரியாது. நான் இன்று நடந்ததால் அது எவ்வளவு தூரம் தள்ளிப்போனது என்பதையும் பார்க்க முடியாது. தரையிலிருந்து எழுவதை நாளைக் காலையே நான் சோதித்துப் பார்க்கலாம். இடுப்பு சென்ற வாரம் ஒரு சாண் உயர்ந்தது, இந்த வாரம் ஒரு முழம் உயர்ந்தது என்பதை என் உடம்பே எனக்குச் சொல்கிறது.

உங்கள் தந்தை, "இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறேன், எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைச் சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் இருக்கும் காலம் குறுகியது என்று உணர்கிறவர்கள், வருங்காலத்துக்காகச் சேமிக்கும் காரியங்களைக் குறைத்துக்கொண்டு, இப்போதே மனத்துக்கு நிறைவு தருபவற்றையும் நெருக்கமானவர்களையும் நாடுகிறார்கள் என்பதை லாரா கார்ஸ்டென்சன் என்னும் உளவியலாளர் பல ஆண்டு ஆய்வுகளால் விளக்கியிருக்கிறார். அந்தப் பார்வையில் உங்கள் தந்தையின் கேள்வி நேர்மையான கேள்வி. பத்து ஆண்டுகள் கழித்து வரக்கூடிய பலனை அவரிடம் விற்க முயன்றால் அவர் வாங்க மாட்டார். இன்று நடந்தால் இன்றிரவு தூக்கம் நன்றாக வரும், காலையில் முதுகின் இறுக்கம் தளரும், மாலையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பவை அவருக்கு உண்மையான பலன்கள். எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் தூக்கம்தான்.

மார்ச் 9

துணையைப் பற்றி எழுத வேண்டும். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். அழைப்பு மணியை அடிக்க மாட்டார். தொண்டையை ஒரு முறை செருமுவார், அவ்வளவுதான். அந்தச் செருமலுக்கு நான் எழுந்தது போல எந்தக் கடிகாரத்துக்கும் எழுந்ததில்லை. எனக்காக நடக்க மனமில்லாத நாட்களில்கூட, ஒருவரை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் படுத்திருக்க மனம் வராது. ஆகவே முதியவர்களை நடக்க வைப்பது துணைதான் என்று உறுதியாகச் சொல்கிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 10

ஒரு திருத்தம். நாற்காலியிலிருந்து 30 வினாடிகளில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணும் சோதனையைப் பற்றி இங்கு ஒருவர் கேட்டதற்கு, நான் ஒன்பது முறை எழுந்ததாகப் பதில் எழுதியிருந்தேன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்பதும், கையை ஊன்றி எழுந்தால் எண்ணிக்கை சுழியம் என்பதும் பிறகுதான் தெரிந்தன. விதிப்படி செய்து பார்த்தேன்; ஐந்து. 70 முதல் 74 வயது வரையிலான ஆணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு, கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று கணக்கிடுகிறார்கள். அதே வயதுப் பெண்ணுக்கு அந்த எல்லை 10.

மார்ச் 14

துணையைப் பற்றி மார்ச் 9 அன்று எழுதியதை ஓரளவு திரும்பப் பெறுகிறேன். நண்பர் மகளைப் பார்க்க வெளியூர் சென்றார். அடுத்த நாளே நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். செருமல் கேட்கவில்லை, எழவில்லை. துணைதான் எல்லாம் என்றால், துணை இல்லாத நாளில் ஒன்றும் மிஞ்சாது என்பதையும் அதே உறுதியோடு நான் எழுதியிருக்க வேண்டும்.

என் மனைவிக்கு வயது 67. அவர் எந்தக் கூட்டத்திலும் சேர மாட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுப் பயிற்சியில் சேர்ந்தபோது, பயிற்றுநர் எல்லோர் முன்னிலையிலும், "நீங்கள் மட்டும் பின்தங்குகிறீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவர் போகவில்லை. அதன் பின் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. ஆனால் அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரத்தில், சமையல் மேடையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார். குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துகிறார். எவருக்கும் சொல்லாமல் நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறார் என்பது, நான் இங்கே பதில் எழுதத் தொடங்கிய பிறகு கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் இரு உளவியலாளர்கள், மனிதனின் ஊக்கம் நிலைப்பதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. நான் மூன்றாவதை மட்டுமே பார்த்துவிட்டு அதையே முழு விடையாக எழுதிவிட்டேன். என் மனைவியிடம் இருப்பவை முதல் இரண்டும். அவருடைய பயிற்சிதான் நான்கு ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

மார்ச் 15

ஃபௌஜா சிங்கின் படத்தை ஒருவர் இங்கே இட்டிருக்கிறார். 2000-ல், 89 வயதில் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தவர். 2011-ல் நூறு வயதில் டொரான்டோ மாரத்தானையும் முடித்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் பதிவு மட்டும் கிடைக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீள்வதற்காக ஓடத் தொடங்கியவர் என்பதை அறிந்தபோது எனக்கு அவர்மீது இருந்த மதிப்பு இன்னும் கூடியது; துயரம் ஒருவரை நாற்காலியில் அமர்த்துவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தை உங்கள் தந்தையிடம் காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் எழுதிய ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியலாளர் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைக் காண்பது, பிறரின் ஊக்கமொழி, உடலும் மனமும் தரும் குறிப்புகள். இவற்றில் முதலாவதே மிகவும் வலியது. இரண்டாவது வேலை செய்வதற்கு, நாம் காண்பவர் நம்மைப் போன்றவராக இருக்க வேண்டும். நூறு வயதில் மாரத்தான் ஓடியவரைப் பார்த்தால், "அவர் வேறு பிறவி" என்று ஒதுங்கிவிடுவோம். சென்ற ஆண்டு வரை படியேறத் திணறிய பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஆண்டு நிற்காமல் ஏறினால், அது நம்மைக் கேள்வி கேட்கும்.

மார்ச் 19

தாயார் குளியலறையில் ஒரு முறை விழுந்த பின் அறையை விட்டே வெளியே வர மறுக்கிறார் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். எலும்பு முறியவில்லை, ஆனால் பயம் நீங்கவில்லை.

சகோதரி, உங்கள் தாயாருக்கு இருப்பது சோம்பல் அல்ல என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் முதலில் சொல்லுங்கள். விழுந்தவர் மீண்டும் விழக்கூடாது என்று அசைவைக் குறைக்கிறார். அசைவு குறைவதால் கால் வலு இழக்கிறது. வலு இழப்பதால் விழும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டியது பயிற்சிதான். 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளிவந்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, தங்கள் வீடுகளில் வாழும் முதியவர்கள் கீழே விழும் வீதத்தை உடற்பயிற்சி ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. சமநிலைப் பயிற்சியும், எழுவது, அமர்வது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுகளை ஒட்டிய பயிற்சியும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. வெறும் நடைக்கு அந்த அளவு சான்று கிடைக்கவில்லை. ஆகவே, 'நட' என்று மட்டும் சொல்வது இவருக்குப் போதாது.

விழுந்தது ஏன் என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மருந்து, தூக்க மருந்து, கண் பார்வை, எழுந்தவுடன் தலைசுற்றல் எல்லாம் காரணமாக இருக்கலாம். நெஞ்சு வலி, மயக்கம், அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் இருந்தால் பயிற்சி காத்திருக்கட்டும். மருத்துவர் சரி என்ற பிறகு, சுவரோரம் நகராத ஒரு நாற்காலியைப் போட்டு, நீங்கள் அருகில் நின்று, ஒரே ஒரு முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். அடுத்த நாள் இரண்டு முறை. ஒரு இயன்முறை மருத்துவரிடம், விழுந்தால் தரையிலிருந்து எப்படி எழுவது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். விழாமல் இருக்க முடியும் என்ற நம்பிக்கையைவிட, விழுந்தாலும் எழ முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகத் துணிவு தந்தது. அந்தக் கட்டில் கால் இல்லாமல் இன்று என்னால் எழ முடியும்.

மார்ச் 20

66 நாட்கள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே என்று கேட்டவருக்கு: அந்த எண் லண்டனில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதில் 66 என்பது நடு மதிப்பு மட்டுமே, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. பங்கேற்றவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள். எண்ணை மறந்துவிடுங்கள். ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு பயிற்சியைப் பிணைப்பது எனக்கு உதவியது: பல் துலக்கி முடித்ததும் ஐந்து முறை எழுந்து அமர்வேன்.

மார்ச் 24

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என் மகன் ஒவ்வொரு முறை தொலைபேசும்போதும், "நடந்தீர்களா?" என்று கேட்பான். நான் நடந்த நாட்களிலும் அந்தக் கேள்வி எனக்குக் கசந்தது. நாற்பது ஆண்டுகள் அவனுடைய வீட்டுப் பாடத்தையும் தேர்வையும் வேலையையும் பற்றி நான் கேட்ட அதே தொனியில் அவன் இப்போது என்னைக் கேட்கிறான். அவன் கேட்டதற்காக நடந்தால் அது அவனுடைய நடையாகிவிடும் என்று ஒரு பிடிவாதம் எனக்குள் இருந்தது. மகள் ஒரு நாள் வேறு விதமாகக் கேட்டாள்: "அப்பா, முன்பு செய்துவந்து இப்போது செய்ய முடியாமல் இருப்பதில் எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு நாட்கள் கழித்து நானே அவளை அழைத்து, கைப்பிடியைப் பற்றாமல் பேருந்தில் ஏற வேண்டும் என்றேன். அந்த ஆசையை வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை விட்டுவிடுவது கடினமாக இருந்தது.

ஏப்ரல் 6

பத்து நாட்கள் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்த பின் நாற்காலிச் சோதனை செய்தேன். படுப்பதற்கு முன் 11 வரை வந்திருந்தது, இப்போது 7. நலமாக இருந்த 12 முதியவர்களை வெறுமனே பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை இழந்தார்கள். எனக்கு நேர்ந்ததும் அதுதான் என்று புரிந்தது.

முன்பு என்றால் இந்த 7 என்ற எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நாற்காலிக்கே திரும்பியிருப்பேன். ஐந்திலிருந்து பதினொன்றுக்கு ஒரு முறை ஏறி வந்திருக்கிறேன் என்பதால் இம்முறை அப்படித் தோன்றவில்லை. பாண்டுராவின் முதல் ஊற்று என்று மார்ச் 15 அன்று நான் எழுதியது எனக்கு இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது. நண்பரும் திரும்பி வந்துவிட்டார். நாளைக் காலை பாதித் தூரம் மட்டும் நடப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவரின் மறுமொழியை நேற்றிரவு படித்தேன். தந்தையிடம் அவர் கேட்டுவிட்டார். மாடி அறையில் தந்தையின் மரவேலைக் கருவிகள் இருக்கின்றனவாம். மூன்று ஆண்டுகளாக அவர் அங்கு ஏறவில்லை. "ஒரு முறை மேலே போய் அவற்றுக்கு எண்ணெய் போட வேண்டும்" என்றாராம். பதினான்கு படிகள்.

மிக்க மகிழ்ச்சி. இன்று மூன்று படிகள் ஏறி இறங்கட்டும். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளட்டும், இறங்கும்போது இன்னும் கவனமாக. ஏறும்போது பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். பேச்சு துண்டுபட்டால் நின்றுவிடலாம். நான்காவது படியை எப்போது தொடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் கீழே நின்று எண்ண வேண்டாம். முடிந்தால் இன்றே மேலே சென்று, அந்த அறையின் ஜன்னலைத் திறந்து, எண்ணெய்ப் புட்டியைக் கருவிகளின் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.